தங்கச்சி மூக்கும் என் பொய்யும்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரிசப்ஷன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, பழைய பழக்கக்காரர் ஒருவர். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் என் காதருகே குனிந்தார்.

"ஏன் சார், உங்க தங்கச்சி மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களாமே... இந்த வயசுல எதுக்கு? சீரியல்ல கீரியல்ல நடிக்கப் போறாங்களா?"

சிரித்து வைத்தேன். பாயசம் வந்தது. பேச்சு மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல — என் மேல். எதற்காகச் சிரித்தேன்? பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டிய விஷயமல்லவா அது!

பந்தியில் சொல்லாததை இங்கே சொல்லிவிடலாம் என்று தங்கச்சிக்கு போன் போட்டு அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதுண்ணா. ஆனா முழுசா எழுதணும். உன் பங்கையும் சேத்து" என்றாள்.

சரி, முழுசாகவே எழுதுகிறேன்.

அரசி என் ஒரே தங்கை. வயது நாற்பத்து மூன்று. சிதம்பரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். ஓட்டப் பந்தயத்துக்குப் பெண் பிள்ளைகளைத் தயார் செய்வதில் கெட்டிக்காரி. ஆனால் அவள் மூக்கு வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கத்து நாசித் துவாரத்தில் காற்று போகாது. வாயால்தான் மூச்சு. ஒரு மாடி ஏறினாலே இரைப்பு.

அவள் கணவர், என் மச்சான் பாலு, சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். அவருடைய ஒரே புகார் இதுதான்: "உங்க தங்கச்சி விடற குறட்டைக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து குலைக்குது மச்சான்."

நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அவள் காலையில் எழும்போதே தலைவலியோடு எழுந்திருக்கிறாள், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மூக்கடைப்பு சொட்டு மருந்து இல்லாமல் ஒரு நாளும் ஓடவில்லை — இதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? யார் கேட்டோம்?

ஒரு நாள் அவளே வந்து சொன்னாள். "பசங்ககூட ரெண்டு ரவுண்டு ஓட முடியலண்ணா. ஓரமா நின்னு விசில் ஊதறேன். 'மிஸ், நீங்க ஓட மாட்டீங்களா'ன்னு ஒருத்தி கேட்டுட்டா. டாக்டரைப் பாக்கப் போறேன். கூட வர்றியா?"

போனேன். மச்சானும் வந்தார்.

கடலூரில் ஒரு காது - மூக்கு - தொண்டை டாக்டர். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூக்குக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கும்மா. உங்களுக்கு அது நல்லா வளைஞ்சு போய் வலப்பக்கத்தை அடைச்சிருக்கு. மேல எலும்பும் சாய்ஞ்சிருக்கு. எப்படி அடிபட்டுச்சு?"

"சின்ன வயசுல மாடிப்படியில விழுந்துட்டேன் டாக்டர்."

அவள் யோசிக்கவே இல்லை. பெயர் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்தார். மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மச்சானைப் பார்த்தார்.

"குப்புற விழுந்த மாதிரி தெரியலையே. பக்கத்துலேர்ந்து வாங்கின அடி மாதிரி இருக்கு... சார், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

மச்சானுக்கு எதுவும் புரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குப் புரிந்தது. மனைவியை இதுவரை 'ஏய்' என்றுகூட அதட்டாத மனிதரை அந்த டாக்டர் வேறு கண்ணால் பார்க்கிறார்! அதைவிட மோசம் — அரசி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்... அடிச்சது நான்" என்றேன்.

நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதிமூன்று. அப்போது நாங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்தோம். தெருவில் கிரிக்கெட். ஆள் பற்றாக்குறை என்பதால் அவள்தான் கீப்பர். எனக்கு மிகவும் நெருக்கமாக நின்றிருந்தாள். நான் சுழற்றிய மட்டை பந்தைத் தொடவில்லை. அவள் மூக்கைத் தொட்டது. சட்டை முழுக்க ரத்தம்.

அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்காரவைத்து நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'வலிக்குதா?' இல்லை. "படியில விழுந்துட்டேன்னு சொல்லு. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

அழுதுகொண்டே தலையாட்டினாள். அன்றைக்குச் சொன்னாள். அப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னாள். கட்டிய கணவரிடமும் அதையேதான் சொன்னாள். முப்பத்து மூன்று வருடம்! நான் சொல்லச் சொன்ன ஒரு பொய்யை நானே மறந்துவிட்ட பிறகும் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மச்சான் என்னையே பார்த்தார். திரும்ப உட்கார்ந்துகொண்டார். டாக்டர் மட்டும் கொஞ்சம் இளகி, "அப்பவே காட்டியிருந்தா ரொம்பச் சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றார்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள். மூக்கில் பலமாக அடிபட்டால், ரத்தம் நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாதாம். உள்ளே நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். எலும்பு விலகியிருந்தால் ஓரிரு வாரத்துக்குள் தள்ளிச் சரிசெய்துவிடலாம். விட்டால் அப்படியே கூடிவிடும். அப்புறம் ஆபரேஷன்தான்.

ஆபரேஷன் என்றதும் அடுத்த பிரச்னை கிளம்பியது. டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். நடுச்சுவரை நேராக்குவது மூச்சுக்காக. வெளி எலும்பை நேராக்குவது தோற்றத்துக்காக. "இவங்களுக்கு ரெண்டும் ஒண்ணோடு ஒண்ணு பின்னியிருக்கு. ஒரே ஆபரேஷன்ல சேத்துப் பண்றதுதான் நல்லது. உள்ள மட்டும் போதும்னாலும் பண்ணலாம். மூச்சு ஓரளவுக்குச் சரியாகும், சாய்வு அப்படியே இருக்கும். முடிவு உங்களோடது."

வெளியே வந்து டீ குடிக்கும்போது மச்சான் மெதுவாக ஆரம்பித்தார். "உள்ள மட்டும் பண்ணிக்கலாமே அரசி. வெளிய எதுக்கு? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"மச்சான் சொல்றது சரிதான்" என்று நானும் ஒத்து ஊதினேன். கேளுங்கள் நியாயத்தை — மூக்கை உடைத்தவன் அழகு ஆசை கூடாது என்று அட்வைஸ் செய்கிறேன்!

அரசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பத்து வயசுலேர்ந்து போட்டோவுக்கு ஒரு பக்கமாத் திரும்பி நிக்கிறேன். என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்க, ஒரு படத்துலயாவது நேரா பாத்திருக்கேனா? ஸ்கூல்ல பின்னாடி என்ன பேரு வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். மூச்சு விட மட்டும்தான் மூக்குன்னா ஆண்டவன் அதை எதுக்கு மூஞ்சிக்கு நட்ட நடுவுல வச்சான்? ரெண்டும் பண்ணிக்கப் போறேன். சினிமா மூக்கு கேக்கல. உடையறதுக்கு முன்னாடி இருந்த என் மூக்கைக் கேக்கறேன்."

 அந்த நிமிடம் ஒரு பெருமை வந்தது பாருங்கள்... இத்தனை வருடம் இந்தத் தெளிவை எங்கே வைத்திருந்தாள்?

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கையில் ஒரு நோட்டு. ஸ்போர்ட்ஸ் டேவுக்குத் திட்டம் போடுகிற நோட்டு அது. அதில் கேள்விகளாக எழுதி வைத்திருந்தாள். பரீட்சை வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

இந்த மாதிரி எத்தனை மூக்கு நீங்களே பண்ணியிருக்கீங்க? முன்னும் பின்னும் எடுத்த படம் காட்ட முடியுமா? காட்டினார். நூறு சதவீதம் நேராகுமா? "அப்படி யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க" என்றார். கம்ப்யூட்டரில் 'இப்படி வரும்' என்று காட்டுகிற படம் ஒரு யோசனைதானாம், வாக்குறுதி இல்லையாம். சிலருக்கு இரண்டாவது முறை திருத்த வேண்டி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

தும்மலும் நிக்குமா? நிற்காது. அலர்ஜி வேறு, வளைவு வேறு. அலர்ஜிக்குத் தனியாக மருந்து. வருடக்கணக்கில் விட்ட சொட்டு மருந்துதான் நல்ல திட்டு வாங்கித் தந்தது. சில நாளைக்கு மேல் தொடர்ந்து விட்டால் அதுவே அடைப்பை ஜாஸ்தியாக்குமாம். அரசி சாப்பிடும் மாத்திரை, கஷாயப் பொடி எல்லாவற்றின் பட்டியலையும் வாங்கிப் பார்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கிற சமாசாரங்களில் எதை, எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டரே குறித்துக் கொடுத்தார். மயக்க மருந்து டாக்டரிடமும் தனியாகப் பேசவைத்தார். இன்ஷூரன்ஸ் உண்டா என்றதற்கு, "மூச்சுக்குக் கொடுப்பாங்க, அழகுக்குக் கொடுக்க மாட்டாங்க. முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க" என்றார்.

என் சந்தேகத்தையும் ஒன்று நுழைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண், பதினைந்து வயது, மூக்கு சப்பை என்று அழுகிறாள், பார்லரில் ஊசி போட்டே உயர்த்திவிடுவார்களாமே? டாக்டர் குரல் உயர்ந்தது. "அந்த ஊசி ரத்தக் குழாய்ல போயிட்டா கண்ணே போயிடும் சார். பார்லர்ல போடற விஷயமா அது? அந்தப் பொண்ணுக்கு மூக்கு இன்னும் வளர்ந்தே முடியல. பொறுக்கச் சொல்லுங்க."

கோடை விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் பார்த்த அரசியை என்னால் மறக்க முடியாது. மூக்கின் மேல் கட்டு, உள்ளே பிளாஸ்டிக் தகடு, இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுநீலம். தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. கண்ணாடி போடுகிறவர்கள் அதை மூக்கின் மேல் பல வாரம் வைக்கக் கூடாதாம்.

நான்காம் நாள் அழுதாள். "தப்பு பண்ணிட்டேனாண்ணா?" பலருக்கும் அந்த நாட்களில் அப்படித்தான் தோன்றும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தெரிந்திருந்தும் அழுகை வந்தது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தாள். மூக்கு வீங்கி, முழுப் பலாச்சுளை மாதிரி இருந்தது. முகம் தொங்கிப் போயிற்று. "வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகும். அவசரப்பட்டா நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் சிரித்தார்.

பிறகு உள்ளே இருந்த தகட்டை எடுத்தார். அரசி வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். கண்கள் பெரிதாயின.

"மாமா... இந்தப் பக்கமும் காத்து போவுது!"

மச்சான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை அம்மா பார்க்க வந்தாள். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, என்னோடுதான் இருக்கிறாள். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "படியில விழலம்மா. நான்தான் மட்டையால அடிச்சுட்டேன்."

அம்மா அதிர்ச்சியடையவில்லை. அரசியின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். மட்டையில இருந்த ரத்தத்தைக் கழுவினது நான்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா உங்கப்பா துருவித் துருவிக் கேட்டிருப்பாரு. இவன் முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு. மஞ்சள் பத்து போட்டா சரியாயிடும்னு நெனச்சேன்... பையனைக் காப்பாத்திட்டு உன்னை விட்டுட்டேன்மா."

 அரசி அம்மாவின் தோளில் நெற்றியை வைத்தாள் — மூக்கு படாமல், ஜாக்கிரதையாக.

"கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா இப்போ அழுதா மூக்கு வீங்கும்."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். அழவும் செய்தோம்.

இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. குறட்டை அநேகமாக இல்லை. சொட்டு மருந்து பாட்டில் குப்பைக்குப் போய்விட்டது. டாக்டர் அனுமதித்த பிறகு முதலில் நடந்தாள், அப்புறம் மெல்ல ஓடினாள். சில வாரத்துக்கு முன், விடியற்காலையில் கடலூர் சில்வர் பீச் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடினாள் — தன்னுடைய ஆறு மாணவிகளோடு. நான் முடிகிற இடத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன். ஆறு பேரில் இரண்டு பேருக்கு முன்னால் வந்தாள். வாய் மூடியிருந்தது!

பக்கத்தில் நின்ற ஒருவர், "அந்த மேடம் யாரு சார்?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

போன மாதம் கடைசி செக்கப். டாக்டர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூச்சு பிரமாதம். வெளிய ஒரு மயிரிழை சாய்வு பாக்கி இருக்கும்மா. உங்களுக்கு உறுத்தினா சின்னதா ஒரு திருத்தம் பண்ணிக்கலாம். என்ன சொல்றீங்க?"

அரசி கண்ணாடியை வாங்கி ஒரு நொடி பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் டாக்டர். அடுத்த மாசம் பசங்களுக்கு மாவட்டப் போட்டி இருக்கு. எனக்கு டைம் இல்ல."