முள்ளெலிக்குப் பொருந்தும் விதிகள்

தம்பிக்கு விபத்து நடக்கும்வரை ரோல் பிளே கேம் என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். பெங்களூரில் சனிக்கிழமை சாயங்காலங்களில் அவன் போனை எடுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்களாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் கதவைத் திறக்கிறேன், நான் ஒளிந்துகொள்கிறேன் என்று சொல்வார்களாம். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். எந்தப் பகடை, எந்த எண்ணுக்கு என்ன என்று சொல்லும் விதிப்புத்தகத்துக்கு சிஸ்டம் என்று பெயர். அந்த நண்பர் கூட்டத்தில் எப்போதும் கதையை நடத்துகிறவன் என் தம்பிதான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தவன் கோவில்பட்டி பைபாஸில் பைக்கோடு விழுந்தான். தலையில் அடி. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்தபோது அம்மாவையும் என்னையும் தெரிந்தது, பேச்சும் இருந்தது. நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லி அழுதோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் போனது என்னவென்று புரிந்தது. எதையும் அவனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தண்ணீர் கேட்பான், கொண்டுபோய்க் கொடுத்தால் எதற்கு என்று பார்ப்பான். ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்று, தான் எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று சுவரைப் பார்த்து யோசிப்பான். லாரி ஹார்ன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்வான். வேலை போயிற்று. பெங்களூர் அறையைக் காலி செய்யப் போனேன். துணிமணியைவிட விளையாட்டுப் புத்தகங்கள்தான் அதிகம் இருந்தன.

அவருக்கு முன்பு பிடித்திருந்த எதையாவது திரும்பச் செய்ய வையுங்கள் என்றார் டாக்டர். அன்றே அவனிடம் கேட்டேன்.

"ஏலே, உன் கேம் ஆடலாமா? எது வேணும்னு சொல்லு."

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "சின்னதா. எலி மாதிரி. மனுசங்க வேண்டாம்க்கா."

அவனுடைய பெங்களூர் நண்பர் ஒருவர் அடிக்கடி போன் செய்து விசாரிப்பார். அவரிடம் இதைச் சொன்னேன். "அக்கா, அடுத்து எங்களுக்கு அதைத்தான் நடத்துறதா இருந்தான். குட்டிக் குட்டி மிருகங்கள், அதுங்களோட சாகசம். மூணு சிஸ்டம் எடுத்து வச்சிருந்தான். எதுன்னு முடிவு பண்ணலை" என்றார்.

அவன் முடிக்காமல் விட்ட தேர்வு அப்படித்தான் என் கைக்கு வந்தது. நான் நாகலாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையும் மாலையும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் படித்தேன். விதி என்றால் எனக்குச் சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் மிளகாய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண், "டீச்சர் என்ன பரீட்சைக்குப் படிக்குதீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

முதல் புத்தகம் தடிமனானது. அழகான படங்கள். எலிகள் ஊசியைக் கத்தியாக ஏந்திப் பனியில் நடக்கின்றன. ஒவ்வொரு எலிக்கும் ஒரு பை வரைந்த தாள், பைக்குள் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பொருள். விளக்கு எத்தனை நேரம் எரியும், தீனி எப்போது தீரும், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தம்பி அதில் நிறைய வரிகளுக்குக் கோடு போட்டிருந்தான். அவனுக்குப் பிடித்தது இதுதான் என்று முடிவு செய்தேன். பனியை எடுத்துவிட்டுக் கரிசலை வைத்தேன். கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம், அந்த வெடிப்புகளே எலிகளின் தெரு. மழை பெய்தால் மண் காலில் அப்பிக்கொள்ளும், ஓட முடியாது. மேலே பருந்து. இதையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதும்போது, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தோம். நண்பர் போனில் வந்தார், அவர் வயல் எலி. ஆள் குறைவதால் அம்மாவையும் சேர்த்தேன். அம்மா அணில். தம்பி முள்ளெலி. அதை அவனே தேர்ந்தெடுத்தான். சின்ன வயதில் எப்போதும்வென்றான் ஊரில் மாமா தோட்டத்து வேலியோரம் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். தொட்டதும் பந்தாகச் சுருண்டுகொண்டது. அதை அவன் நினைவு வைத்திருந்தான் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அம்மா ஜெபம் பண்ணித்தான் ஆரம்பிக்கவேண்டும் என்றாள். ஜெபம் முடிந்தது. நான் கதையைச் சொல்லி, "அணில் என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலை. வீட்டுல இருக்கு."

"எம்மா, வெளிய போனாத்தான் கதை."

"பருந்து சுத்துதுன்னு நீதானே சொன்ன? எதுக்கு ஏட்டி வெளிய போகணும்? என் அணிலு வராது."

நண்பர் போனில் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அதோடு அன்றைய நல்ல நேரம் முடிந்தது. அவன் முறை வந்தபோது பையைப் பார்த்தான், கட்டங்களைப் பார்த்தான். எந்தப் பகடை என்று கேட்டான். சொன்னேன். எடுத்தான். எதற்கு உருட்டுகிறோம் என்று கேட்டான். சொன்னேன். உருட்டினான். வந்த எண்ணோடு எதைக் கூட்டுவது என்று கேட்டான். அதையே மூன்று தடவை கேட்டான். ஒரு காலத்தில் இந்தப் புத்தகத்தைப் பார்க்காமலேயே சொல்லக்கூடியவன். பையின் தாளை நாலாக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

இரண்டாவது சிஸ்டத்தில் கணக்கு குறைவு. அடிபட்டால் எண் குறைவதற்குப் பதிலாகக் கையில் ஒரு சீட்டு வரும். பசி, களைப்பு, பயம், காயம். ஓய்வெடுத்து உருட்டினால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எண்ணை மறப்பான், சீட்டு கண்ணெதிரே இருக்குமே என்று நினைத்தேன். தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன். முதல் வாரம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் வாரம் முள்ளெலிக்குப் 'பயம்' வந்தது. ஓய்வெடுக்கும் கட்டத்தில், "உருட்டுலே, சீட்டு போயிரும்" என்றேன். அவன் உருட்டவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"போகாதுக்கா" என்றான்.

"ஆட்டத்துலதான்லே சொல்லுதேன்."

"தெரியும். போகாது."

நண்பர் பேச்சை மாற்றினார். அதற்கு அடுத்த ஞாயிறு அவருக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. வாராவாரம் அவர் பார்த்தது தன் நண்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதைத்தான். அவர் அழைப்பது நின்ற பிறகும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போனை மேஜைமேல் சாய்த்து வைப்பான். நான் எடுத்துவிட்டால் மறுபடி வைப்பான்.

மூன்றாவது, ஒரே பக்கத்தில் முடிகிற சிஸ்டம். ஒரே ஒரு பகடை. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் நினைத்தது நடக்கும். குறைந்தால் வேறு ஏதாவது நடக்கும். நான் அதில் ஒரு மாற்றம் செய்தேன். சாவை எடுத்துவிட்டேன். சின்ன மிருகங்களின் ஆட்டத்தில் சாவு மிக அருகில் இருக்கும், எல்லாப் புத்தகமும் அதைச் சொல்கிறது, அதுதான் சுவாரஸ்யம் என்றும் சொல்கிறது. எனக்கு அந்தச் சுவாரஸ்யம் வேண்டாம் என்று தோன்றியது. பருந்து தூக்கினால் வேறு வயலில் போட்டுவிடும். பாம்பு வந்தால் துரத்தும், அவ்வளவுதான்.

அம்மாவும் அவனும் நானுமாக ஆடினோம். அம்மாவின் அணில் ஒரு தடவை வேலிவரை வந்துவிட்டுத் திரும்பியது. தம்பி நாலைந்து முறை உருட்டினான். எதுவுமே நாலைத் தொடவில்லை. ஆனாலும் முள்ளெலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அவனுக்குத் தெளிவான நாள். அப்படிப்பட்ட நாட்கள் எப்போதாவது வரும். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இதுல சாவு கிடையாதா?"

"கிடையாதுலே."

"தோத்தா என்ன ஆகும்?"

"வேற இடத்துக்குப் போகும். திரும்ப ஆரம்பிக்கலாம்."

"அப்ப எதுக்கு உருட்டணும்?"

கதையை நடத்துகிறவனின் கேள்வி அது. பழைய தம்பி கேட்ட கேள்வி. அவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று துள்ளியிருக்கவேண்டும் நான். முடியவில்லை. உள்ளே இருந்துகொண்டு தனக்கு என்ன நடந்துவிட்டது என்பதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அவன் பகடையை மெதுவாகக் கீழே வைத்தான். "எனக்காக எல்லாத்தையும் குறைச்சுக்கிட்டே வாரக்கா. இன்னும் குறைக்க என்ன இருக்கு?"

அம்மா எழுந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "விடு ஏட்டி. பிள்ளைய விடு" என்றாள். நான் ஏதோ அவனை அடித்துவிட்டதுபோல.

மழைக்காலம் தொடங்கியபோது அவனுக்கு வலிப்பு வந்தது. மருந்தைக் கூட்டினார்கள். அதன்பிறகு பகலெல்லாம் தூக்கம்தான். தெளிவான நாட்களும் நின்றுவிட்டன. மறுபடி மதுரைக்குப் போனபோது டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, வரவேண்டிய முன்னேற்றம் வந்துவிட்டது, இனி இப்படியே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானே தேடிப் படித்து வைத்திருந்த நாலாவது சிஸ்டம் பற்றி அவரிடம் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அதில் பகடையே கிடையாது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டால் போதும்.

அதையும் ஒரு ஞாயிறு முயன்றேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து, "முள்ளெலி வெளிய எட்டிப் பார்க்குது. மழை விட்டுருக்கு. அடுத்து என்ன செய்யுது?" என்று கேட்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான்.

"எந்த முள்ளெலி?" என்றான்.

"உன்னோடதுதான்லே."

அவன் மரியாதைக்காகத் தலையசைத்தான். அறிமுகமில்லாத ஒருவர் பஸ்ஸில் ஏதோ சொன்னால் நாம் அசைப்போமே, அப்படி. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்பிட்டானா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டு வர எழுந்து போனேன்.