பிந்தி வரும் இரண்டாவது கிற்றார்

வியாழக்கிழமை பின்னேரம் மாதா கோயில் மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அருளப்பு அண்ணை. மடியில் கிற்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

நியாஸ். முல்லைத்தீவில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், ஒரு சாக்கு நிறைய வயர்.

ராணியக்கா. செபஸ்தி அண்ணையின் மனைவி. சனிக்கிழமை அவருடைய மகளுக்குக் கலியாணம். கதிரைகளுக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

நான். இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரிந்தவன்தான். புதுக்குடியிருப்பில் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

பிறகு, மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி.

இரண்டு செங்கலைச் சேர்த்து வைத்த அளவு. காலால் மிதிக்க நான்கு பொத்தான். நடுவில் ஒரு சின்னத் திரை, பக்கத்தில் ஒரு திருகி. அருளப்பு அண்ணையின் தம்பி பிரான்சிலிருந்து அனுப்பியது. இரண்டு வருடமாக அலுமாரியில் கிடந்தது. கிற்றாரைப் பெட்டியில் கொழுவி, பெட்டியை ஸ்பீக்கரில் கொழுவினால் சத்தத்தை எப்படியும் மாற்றலாமாம். ஒரு கிற்றாரைப் பத்துக் கிற்றார் ஆக்கலாமாம்.

எங்களுக்குப் பத்து வேண்டாம். இரண்டு போதும்.

ஏன் இரண்டு? அதற்குப் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வன்னியில் கரண்ட் இல்லாத காலம். கரையோரத்தில் கலியாணம் என்றால் இரண்டு கிற்றார் வரும். முதலாவது அருளப்பு அண்ணை. இரண்டாவது செபஸ்தி அண்ணை. மூன்றாவது ஆள் நான் — ஸ்பீக்கருக்குப் பற்றரி காவுகிறவன். ட்ராக்டர் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி, மணலில் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். ஒரு கலியாணத்துக்கு ஒரு பற்றரி. சாப்பாட்டுப் பந்தி நீண்டால் பாட்டு மெல்ல மெல்லச் செத்துப்போகும்.

கிற்றார்க் கம்பி கிடைக்காது. மெல்லிய கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து, ஓர் இழையை உருவிக் கட்டுவோம். விரலை வெட்டும். ஆனால் சத்தம் வரும்.

பெண் வாசலிலிருந்து பீடம் வரை நடந்து வரும்போது வாசிக்க ஒரு மெட்டு வைத்திருந்தார்கள். அவர்களே கட்டியது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. அருளப்பு அண்ணை மேலே போவார். செபஸ்தி அண்ணை அதே மெட்டை ஒரு படி கீழே பிடித்துக்கொண்டு கூடவே வருவார். ராணியக்காவும் தன்னுடைய கலியாணத்தில் அந்த மெட்டுக்குத்தான் நடந்தார். அன்றைக்கு மாப்பிள்ளையே பீடத்தடியில் கிற்றாரோடு நின்றார். பாதர் முறைத்த முறைப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கூடவே வருவார் என்று எழுதிவிட்டேன்... சரியாகச் சொன்னால், கொஞ்சம் பிந்தி வருவார்.

அதற்காக நடந்த சண்டைகள் எத்தனை!

"நான் போய்ச் சேர்ந்து செருப்பைக் கழட்டினாப் பிறகுதான் நீ வாறாய்" என்று அருளப்பு அண்ணை கத்துவார்.

"மச்சான், நீ ஓடுறாய். நான் நடக்கிறன். பொம்பிளையும் நடந்துதானே வருது?"

செபஸ்தி அண்ணை கோபிக்கமாட்டார். அடுத்த கலியாணத்திலும் பிந்துவார்.

போரின் கடைசி இடப்பெயர்வில் ராணியக்கா ஆறு வயது மகளோடு வந்து சேர்ந்தார். செபஸ்தி அண்ணை வரவில்லை. இன்றுவரை இல்லை. இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அதன் பிறகும் அருளப்பு அண்ணை கிற்றாரை விடவில்லை. கோயிலில் வாசிப்பார், திருநாளுக்கு வாசிப்பார். அந்த மெட்டை மட்டும் தொடுவதில்லை. யாராவது கேட்டால் கிற்றாரை உறைக்குள் போட்டுவிடுவார்.

போன மாதம் ராணியக்கா கலியாணக் கார்ட்டோடு அவர் வீட்டுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். கிணற்று மோட்டார் பார்க்கப் போயிருந்தேன்.

"அண்ணை, பிள்ளை அந்த மெட்டிலதான் நடக்கோணும் எண்டு நிக்கிறாள்."

"அது ரெண்டு பேர் வாசிக்கிறது பிள்ளை. ஒருத்தன் வாசிச்சா பாதி. கலியாண வீட்டில பாதி வாசிக்கேலாது."

ராணியக்கா வாதாடவில்லை. கார்ட்டை மேசையில் வைத்தார். வாசல் படலை வரை போய்த் திரும்பினார்.

"சனிக்கிழமை பத்து மணி. பிந்தாதேங்கோ."

இத்தனை வருடத்தில் அந்த மனுசி எங்களிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அருளப்பு அண்ணை அலுமாரியைத் திறந்தது அதனால்தான்.

சரி... பெட்டிக்கு வருவோம்.

கூட வந்த புத்தகம் பிரெஞ்சில். திரையில் இங்கிலீஷ். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அருளப்பு அண்ணைக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது. இந்த இரண்டு பேரும்தான் டிஜிட்டல் பெட்டி பூட்டினோம்!

முதல் அரை மணித்தியாலம் சத்தமே இல்லை.

"மச்சான், எரிச்சுப்போடாத. இது மோட்டார் இல்லை" என்றான் நியாஸ்.

பிறகு பார்த்தால், கிற்றார் வயரைச் சத்தம் வெளியே போகிற ஓட்டையில் கொழுவியிருக்கிறேன். யார் பிழை? என் பிழைதான். மாற்றினேன்.

இப்போது சத்தம் வந்தது. கிற்றார் இல்லை. ஒரே இரைச்சல்.

"இது என்ர கிற்றாரோ, உன்ர தண்ணி மோட்டாரோ?" என்று அருளப்பு அண்ணை கேட்டார்.

அவர் கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைந்தது. எடுத்தால் கூடியது. இது எனக்குத் தெரிந்த நோய். எர்த் பிடிக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எர்த் கம்பி இறக்கிய இடம் வெறும் காய்ந்த மணல். மழை கண்டு மாதங்கள் ஆகிவிட்டன. அந்த மணலில் கரண்ட் எப்படி இறங்கும்?

"உப்புத் தண்ணி வேணும்" என்றேன்.

ராணியக்கா எழும்பிப் போனார். அவருடைய கருவாட்டு வாடி மண்டபத்துக்குப் பக்கத்தில்தான். மீன் ஊறப்போட்ட உப்புத் தண்ணீர் ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தார்.

நியாஸ் மூக்கைப் பொத்தினான். "அக்கா, கலியாண மண்டபத்தில இந்த மணமா?"

"மாப்பிள்ளை வீட்டாரும் நாயாத்துக் கடற்கரைக்காரர்தான். மீன் மணத்துக்கு ஓடமாட்டினம். நீ ஊத்து."

ஊற்றினான். மணல் குடித்தது. உள்ளே வந்தோம். இரைச்சல் போய்விட்டது.

அந்த அமைதியைக் கேட்டதும் எனக்குப் பற்றரிக் காலம் ஞாபகம் வந்தது. பற்றரியில் இந்த இரைச்சல் இருந்ததே இல்லை. அருளப்பு அண்ணை அடுத்த கம்பியைத் தட்டுமுன், கடல் கேட்கும். கரண்ட் வந்த பிறகு கலியாண வீட்டில் கடல் சத்தம் கேட்டவர் யாராவது உண்டா?

அடுத்தது, இரண்டாவது கிற்றார். ஒரு பொத்தானை மிதித்தால், நாம் வாசிக்கிற சுரத்துக்குக் கீழே பெட்டி இன்னொரு சுரம் போடும். இதுதான் செபஸ்தி அண்ணையின் வேலை.

அருளப்பு அண்ணை தொடங்கினார். நல்லாய்ப் போனது... ஓரிடத்தில் நொண்டியது. திரும்ப வாசித்தார். அதே இடத்தில் அதே நொண்டல்.

"உவனுக்கு வழி தெரியேல்லை" என்றார்.

அது சரிதான். பெட்டி தன் பாட்டில் சி கீயில், அதாவது சி சுருதியில், நின்றது. அவர்களுடைய மெட்டு ஜி. திரையில் நான்கு தரம் தவறான பக்கத்துக்குப் போய், ஐந்தாம் தரம் அந்த இடத்தைக் கண்டுபிடித்து மாற்றினேன்.

இப்போது முழு மெட்டும் வந்தது. வாசலிலிருந்து பீடம் வரை. இரண்டு கிற்றார். ஒரு நொண்டல் இல்லை.

நியாஸ் கை தட்டினான். நான் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டேன். வேலை முடிந்துவிட்டது.

அருளப்பு அண்ணை கிற்றாரைக் கீழே வைத்தார்.

"நான் வாசிக்கமாட்டன்."

"ஏன் அண்ணை? என்ன பிழை?"

"தெரியாது. நீ பார்."

பார்த்தேன். வயரை மாற்றினேன். வேறு பிளக்கில் கொழுவினேன். கீயைத் திரும்பப் பார்த்தேன். நியாஸ் ஸ்பீக்கரை மாற்றினான். எல்லாம் சரி. திரும்ப வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"உந்தப் பெட்டியை உறைக்குள்ள போடு தம்பி. நான் வேற பாட்டு வாசிக்கிறன். பிள்ளை என்னைக் கோவிக்காது."

நாளை மறுநாள் கலியாணம். வேறு வழியும் தெரியவில்லை. நான் வயரைக் கழற்றக் குனிந்தேன்.

ராணியக்கா கதிரையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அது நேரத்துக்கு வருது அண்ணை. அவர் பிந்தித்தான் வாறவர்."



அருளப்பு அண்ணை பெட்டியைப் பார்த்தார். "எத்தினை வருசம் அவனைப் பேசினனான்... நேரத்துக்கு வா, நேரத்துக்கு வா எண்டு. இப்ப வருது. என்னால கேக்கேலாமல் கிடக்கு."

நான் திரும்பத் திரைக்கு முன்னால் இருந்தேன். ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு சொல். டிலே. இது எனக்குத் தெரியும்! வவுனியா ஸ்டேஷனில் றெயினுக்குக் காத்துக்கிடந்த எல்லாருக்கும் தெரியும். அதற்கு நேரே பூச்சியம் என்று இருந்தது. பூச்சியம் என்றால்? பிந்தவே பிந்தாது.

திருகினேன். இருநூறு.

அருளப்பு அண்ணை வாசித்தார். ராணியக்கா தலையை ஆட்டினார். "உது கடலுக்குப் போயிட்டு வாறது."

நூறு.

"உது தேத்தண்ணி குடிச்சிட்டு வாறது."

நியாஸ் சிரித்தான். அருளப்பு அண்ணையும் சிரித்தார். அன்றைக்கு முதல் தரம்.

இருபது.

"உது அருளப்பண்ணைதான். அவர் இல்லை."

அறுபது.

"கிட்ட வந்திட்டார். இன்னும் கொஞ்சம்."

ஒவ்வொன்றாக இறக்கினேன்.  ஓரிடத்தில் ராணியக்காவின் கையில் இருந்த முடிச்சு பாதியில் நின்றது. திருகியை விட்டேன்.

அருளப்பு அண்ணை நிறுத்தவில்லை. முழுக்க வாசித்தார். முடித்ததும் இடது பக்கம் திரும்பினார். பழைய பழக்கம். அந்தப் பக்கம்தான் செபஸ்தி அண்ணை நிற்பார்.

"இண்டைக்கும் பிந்திப்போட்டாய்" என்றார்.

அங்கே ஒரு கதிரைதான் இருந்தது. துணி கட்டாத கதிரை.

ராணியக்கா அதற்கும் துணி கட்டினார்.

சனிக்கிழமை பத்து மணி. பெண் வாசலில் நின்றாள். அருளப்பு அண்ணை பெட்டியை மிதித்தார். பிள்ளை நடந்தாள். ஓடவில்லை, நின்று அழவில்லை, அப்பா நடக்கச் சொன்ன வேகத்தில் நடந்தாள். ராணியக்கா முன் வரிசையில் இருந்தார். பாதி வழியில் கண்ணை மூடினார். பீடத்தடியில் பிள்ளை நின்ற பிறகுதான் திறந்தார்.

மண்டபத்தில் கொஞ்சம் மீன் மணமும் இருந்தது. ஒருவரும் ஓடவில்லை.

மோட்டார் திருத்துகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழையைத் தேடு, எடுத்து வெளியே போடு. முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். ஒரு பிழையைத் தேடிப்பிடித்து உள்ளே வைத்துத் திருத்தியது இதுதான் முதல் தரம்.

இதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கிற வாசகர்கள் போன் எடுத்துக் கேட்பீர்கள், என்ன செற்றிங் என்று. எழுதிவிடுகிறேன்.

கீ, ஜி. இரண்டாவது குரல், கீழே. எர்த், கருவாட்டுத் தண்ணீர்.

டிலே, மில்லிசெக்கனில் — நாற்பத்தைந்து.