மூலையில் ஒரு கட்டைவிரல்

என் ஆராய்ச்சிப் படங்களில் முக்கால்வாசியில் ஒரு கட்டைவிரல் இருக்கும். இடது கைக் கட்டைவிரல். அது என் வீட்டுக்காரருடையது. "இது ஆராய்ச்சியா, பத்திரப்பதிவு ஆபீஸா?" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு முறை கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் வந்து நின்று பார்த்தால் தெரியும் என்று மனத்துக்குள் திட்டிவிட்டு, வெளியே "மாத்திடறேங்க சார்" என்றேன். மாற்றவில்லை.

குச்சிக்கிழங்கைத் தாக்கும் மாவுப்பூச்சியைப் பற்றியது என் ஆராய்ச்சி. புத்தகத்தில் மரவள்ளி என்று போடுவார்கள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்குதான். செடியின் கொழுந்தில் இந்தப் பூச்சி வெள்ளை வெள்ளையாக அடைந்துவிட்டால் கொழுந்து சுருண்டு முடிச்சாகிவிடும், கிழங்கு இறங்காது. இதை ஒழிக்க ஒரு குட்டிக் குளவி இருக்கிறது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளேயிருந்தே தின்று தீர்த்துவிடும். ஒட்டுண்ணிக் குளவி என்று பெயர். கடுகில் பாதிகூட இருக்காது. டப்பாவில் கொண்டுபோய்க் காட்டில் (எங்கள் பக்கம் வயலுக்குக் காடு என்றுதான் பெயர்) விட்டால், காட்டுக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

"ஏனுங்க, கண்ணுக்கே தெரியல, இதா எங்க காட்டைக் காப்பாத்தப் போவுது?"

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பேன். அவர்கள் நம்பாமல் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அவர், "எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. நான் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன்" என்று கைகழுவிவிடுவார்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளிலும் என்னை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு ராசிபுரம், ஓமலூர், எடப்பாடி என்று எந்தக் காட்டில் பூச்சி விழுந்திருக்கிறதோ அங்கே கூட்டிக்கொண்டு போவார். என் மாமியாருக்கு அது பிடிக்காது. அத்தை வாசலில் நின்று எங்கள் காதில் விழும்படியே சொல்லுவார்: "ஊருல ஆம்பளைங்க ஞாயித்துக்கெழமை கறி வாங்கப் போறாங்க. எம்பையன் பொண்டாட்டிக்கு எலை பிடிக்கப் போறான்." இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "எலையும் கறிதாம்மா, பூச்சிக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்குவார்.

இலை பிடிக்கும் வேலை லேசானதில்லை. உருப்பெருக்கும் லென்ஸை வைத்துப் பார்க்கும்போது இலை மயிரிழை ஆடினாலும் பூச்சி எங்கேயோ போய்விடும். எங்கள் சமவெளியில் காற்று இல்லாத காடு ஏது? காம்பை விரலிடுக்கில் பிடித்து ஆடாமல் நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும் வைக்க வேண்டும். அந்த ஸ்கேல் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னிப் படத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவர் பட்டறையிலிருந்து வெர்னியர் என்ற அளவுக் கருவியைக் கொண்டுவந்து தன் கட்டைவிரல் நகத்தை அளந்தார்.

"பதினேழு மில்லி. எழுதிக்க அம்மிணி. இனிமே ஸ்கேலத் தூக்கி வீசு."

அன்று முதல் அவர் விரல்தான் அளவு. அப்புறம் ஓர் ஆடி மாதம் பட்டறையில் சுத்தியல் தவறி அந்த விரலிலேயே விழுந்தது. நகத்தின் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிட்டது. வலியோடு வர வேண்டாம் என்றேன். "வலி வெரலுக்குத்தான, எனக்கா?" என்று கிளம்பிவிட்டார்.

அந்தப் படத்தை எடுத்தது எடப்பாடிப் பக்கம் ஒரு காட்டில், மார்கழிக் காலை. பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குளவி மாவுப்பூச்சியின் மேல் ஏறி, வாலை வளைத்து முட்டையிடத் தொடங்கியது. இதைப் பிடிக்க நான் எத்தனையோ வாரம் அலைந்திருக்கிறேன். "ஆடாதீங்க மாமா" என்றேன். அவர் ஆடவில்லை. மூச்சு விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே இருந்தேன். உதட்டை அசைக்காமல் "ஆச்சா?" என்று கேட்டார். "இன்னுங் கொஞ்சம்" என்றேன். முடிந்த பிறகு பார்த்தால் கணுக்காலெல்லாம் சிவந்து தடித்திருந்தது. எறும்புப் புற்றின் மேல் நின்றிருக்கிறார். சொல்லக் கூடாதா என்று நான் கத்தியதற்கு, "சொன்னா வாய் ஆடும், வாய் ஆடுனா கை ஆடும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஓர் அறிவியல் படப் போட்டி அறிவித்திருந்தார்கள். இந்தப் படத்தை அனுப்பு என்று உடன் வேலை செய்யும் தோழி சொன்னாள். விதிகளைப் படித்தேன். படத்தில் எழுத்து, அம்புக்குறி, அளவுகோல் எதுவும் இருக்கக் கூடாது. எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது, ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். படம் எடுத்த ஆராய்ச்சியாளர் பெயர் மட்டும் போட வேண்டும்.

சாயங்காலம் நான் மடிக்கணினியில் படத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெட்டும் கோடு அவர் விரலை வெளியே தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார்.

"அடிப்பாவி, பிடிச்சு நிறுத்துனவனையே வெட்டறயே!"

"விதிங்க மாமா. அளவுகோல் இருக்கக் கூடாதாம்."

"செரி வெட்டு. ஆனா பூச்சியோட மீசைய வெட்டிராத. மீச போனா மரியாத போச்சு."

குளவியின் உணர்கொம்பைத்தான் மீசை என்றார். அது நீண்டு அவர் விரலை ஒட்டியே வந்திருந்தது. அதைக் காப்பாற்றப் போய், கீழ் மூலையில் அவர் விரலின் ஓரம் கொஞ்சம் தங்கிவிட்டது. மங்கலாக, பழுப்பாக, எதுவென்று யாருக்கும் தெரியாதபடி. அவருக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தயா, கொஞ்சமா ஒட்டிக்கிட்டிருக்கேன். நானும் ஒட்டுண்ணிதான்" என்றார். அத்தையைக் கூப்பிட்டு, "அம்மா, படத்துல நானும் இருக்கறேன். பரிசு குடுக்கறப்ப உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம நான் என்ன பண்றேன்னு பாரு" என்று சொன்னார். பட்டறையில், டீக்கடையில், முடிவெட்டும் கடையில், யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

முடிவு வருவதற்குள் அவர் போய்விட்டார். காலையில் பட்டறைக்குப் போனவர் நெஞ்சை அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கூடத்தில் கிடத்தியபோது வழக்கப்படி கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். கைக் கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். நான் முகத்தைப் பார்க்காமல் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வளர்ந்து நுனிக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு முறை நகம் வெட்டினால் போயிருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. முதல் பரிசு. நடுவர்கள் நிறையப் புகழ்ந்திருந்தார்கள். கடைசி வரியில், கீழ் மூலையில் உள்ள மங்கலைத் தவிர்த்திருந்தால் படம் இன்னும் முழுமையாக இருந்திருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

இரண்டு நாள் கழித்து, போட்டி நடத்தியவர்களிடமிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். "மேடம், பரிசுப் படங்களை வச்சு காலண்டர் போடறோம், அட்டைக்கு உங்க படம்தான். மூலையில ஒரு பிரவுன் கலர் பிளர் இருக்கு. அதை மட்டும் இலை கலர்ல சரி பண்ணிடறோம்."

"எதையும் அழிக்கக் கூடாதுன்னு உங்க விதியிலயே போட்டிருக்குங்களே."

"அது போட்டிக்கு மேடம். இது பிரிண்டிங்."

"எதுக்கா இருந்தாலும் அழிக்கக் கூடாதுங்க."

"அப்ப அட்டைக்கு வேற படம்தான் போட வேண்டியிருக்கும்."

"போட்டுக்குங்க" என்று வைத்துவிட்டேன். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அது என்ன மங்கல் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிதாபப்படுவார்கள்; அதை என்னால் தாங்க முடியாது. செடிகள் வளர்க்கும் கூடாரத்துக்குள் போய், தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

பரிசளிப்பு சேலத்தில். வருஷம் திரும்புவதற்குள் விழாவுக்கா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கே போக மனமில்லை. பரிசைத் தபாலில் அனுப்பச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அத்தைதான் விடவில்லை. "எம்பையன் இருக்கற படத்தப் பாக்கப் போறேன். எவ என்ன சொல்றான்னு பாக்கறேன்" என்று சொல்லி, வெள்ளைச் சேலையைத் துவைத்து மடித்து முந்தின நாளே எடுத்து வைத்துவிட்டார். மகனைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்புகிற அம்மாவிடம், அங்கே இருப்பது ஒரு மங்கல்தான் என்று எப்படிச் சொல்வது? இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று பேருந்தில் சேலம் வரைக்கும் வந்துவிட்டேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மண்டபத்தில் படங்களைப் பெரிது பெரிதாக அச்சடித்து வரிசையாக மாட்டியிருந்தார்கள். என் படம் வாசற்கதவு அகலத்துக்கு இருந்தது. அடியில் என் பெயர், என் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர், குளவியைப் பற்றிய விளக்கம். வேறு யாரும் அதில் இல்லை. இளம்பிள்ளைகள் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அவர்களை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். மேலிருந்து கீழாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கூட்டத்தில் ஆளைத் தேடுகிற மாதிரி தேடினார்.

"இத்தாச்சோடு பெரிசா இருக்குது, இதையா கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க ரெண்டு பேரும்?"

"பெரிசு பண்ணிப் போட்டிருக்காங்க அத்தை."

"அவன் எங்க சாமி?"

நான் அவர் கையைப் பிடித்துக் கீழ் மூலைக்குக் கொண்டுபோனேன். தொடக் கூடாது என்று எழுதியிருந்தது; நான் கவலைப்படவில்லை. உள்ளங்கையளவு பழுப்பு மங்கல். அதன் மேல் அத்தையின் கையை வைத்தேன்.

"இதானுங்க அத்தை."

அத்தை குனிந்து வெகுநேரம் பார்த்தார். கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"இவ்வளவுதானா சாமி?"

விதி, மீசை, வெட்டும் கோடு என்று எத்தனையோ சமாதானங்களைப் பேருந்தில் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்க் கேடயத்தை வாங்கினேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். கைதட்டினார்கள். அவர் இருந்திருந்தால் விசில் அடித்து என் மானத்தை வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

மறுநாள் காலையில் அத்தை காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மத்த படமெல்லாம் காட்டு" என்றார்.

மடிக்கணினியைத் திறந்தேன். கடைசியாக எடுத்த படம் முதலில் வந்தது. போன வாரம் எடுத்தது. இலைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம். பின்னால போ" என்றார்.

பின்னால் போனேன். விரல் வந்தது. நகத்தின் நுனியில் கறுப்பு. அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை ஒட்டி உட்கார்ந்தார். அடுத்தது, அதற்கடுத்தது என்று நான் தள்ளத் தள்ள, கறுப்பு நுனியிலிருந்து நடுவுக்கு வந்தது, நடுவிலிருந்து அடிக்கு இறங்கியது. ஆடி மாதத்துக்கு முந்திய படங்களுக்கு வந்தபோது நகம் சுத்தமாக இருந்தது. சுத்தியல் இன்னும் விழவில்லை. அந்த விரலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"இன்னும் பின்னால போ சாமி."

போனேன். வெர்னியர் வைத்து அளந்த அன்றைய படத்தோடு விரல் நின்றுவிட்டது.

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி எங்கிட்ட இல்லீங்க அத்தை."

அத்தை தன் கட்டைவிரலைத் திரையில் அந்த நகத்தின் மேல் வைத்தார். காரியத்தன்றுகூட வாய்விட்டு அழாதவர்.

"அதுக்கு முந்தி எங்கிட்ட இருந்தான்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.