கோல்கீப்பரின் அம்மா

இன்று சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது, என் குரலைக் கேட்டு ஓர் அம்மா திரும்பினார்.

"கேபிள் டிவியில ஃபுட்பால் கமென்ட்ரி சொல்லுதது நீங்கதானே?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

"நேத்து கோல் விட்டது என் மவன். வயசாச்சு, ஆள மாத்தணும்னு சொன்னீங்கல்லே?"

நம்ம ஊர் டீம் தோற்ற கோபத்தில் சொன்னது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"பரவாயில்ல சாரே. முட்டு வீங்கி, ஊசி போட்டுட்டுதான் விளையாடுதான். தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிரும்னு யாருகிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாண்டாம்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பத்து வருடமாக அவன் ஆட்டத்தை விவரிக்கிறேன். அந்த முட்டியை ஒருநாளும் கவனித்ததில்லை.

பெயர் எழுதாததால் இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி இறங்குகிறான். பந்து அவனைத் தாண்டிப் போனால் மைக்கில் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.