டிரில் மாஸ்டர் போட்ட குழி

நேற்று பேரனோடு உட்கார்ந்து டிவியில் ஃபுட்பால் பார்த்தேன். ஃப்ரீ கிக் கொடுத்ததும் நடுவர் இடுப்பிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் தரையில் வெள்ளை நுரையால் கோடு போட்டார். பந்தை நைசாக முன்னால் நகர்த்தப் பார்த்தவன், அவர் விரலை நீட்டியதும் பழைய இடத்தில் வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் டிரில் மாஸ்டருக்கு நுரையெல்லாம் தேவைப்பட்டதில்லை. பூட்ஸ் இருந்தது.

லாடம் அடித்த பூட்ஸ். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் டிரில் எடுத்தவர், ஊரில் எந்த மேட்ச் நடந்தாலும் அவர்தான் ரெஃப்ரி. ஃபவுல் நடந்த இடத்தில் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுவார். கரிசல் மண்ணில் குழி விழும். பந்தை அதற்குள்தான் வைக்க வேண்டும். குழிக்குள் கிடக்கிற பந்தைத் தூக்கி அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பாதி நேரம் மண்தான் பறக்கும்.

செல்வராஜுக்கு மட்டும் அவர் ஆழமாகத் திருகுவதில்லை என்று நான் நம்பினேன். அவனும் நானும் ஒரே மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் வேலை பார்த்தோம். மூட்டை பிரிக்கும்போது நெடியில் நான் தும்மியே சாவேன். அவன் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருப்பான். முதலாளிக்கும் அவன்தான் செல்லம், எங்கள் டீமுக்கும் அவன்தான். ஃப்ரீ கிக் என்றால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். என்னை யாரும் பார்த்ததில்லை. வயிறு எரியும்.

"ஒனக்கு வெறும் தடம், எனக்கு மட்டும் கெணறு" என்பேன்.

"ஒனக்கு வேற சோலி இல்லையாலே?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அழகாக இருந்து தொலைத்தது.

ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி நடந்த போட்டியில் ஃபைனலுக்குப் புளியங்குடிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரத்தில் என்னைத் தட்டிவிட்டார்கள். கோலுக்கு நேர் எதிரே ஃப்ரீ கிக். விழுந்தவன் நான் என்ற உரிமையில் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இத நான்தான் அடிப்பேன்."

"அடி மக்கா" என்று செல்வராஜ் ஒதுங்கிக்கொண்டான்.

மாஸ்டர் திருகினார். சாரலில் நனைந்த மண், குதிகால் முழுசாக இறங்கியது. அவர் எதிரணிக்காரர்களைப் பின்னுக்குத் தள்ளத் திரும்பியதும் பந்தை எடுத்து மேட்டில் வைத்தேன். விசில்.

"குழிக்குள்ள வைலே."

வைத்தேன். அவர் திரும்பியதும் மறுபடி வெளியே எடுத்தேன். மறுபடி விசில். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, "செல்வராசுக்கு இப்பிடியா சார் போடுவீய?" என்று கத்திவிட்டேன். மைதானமே கேட்டது.

மாஸ்டர் கையை வெளிப்பக்கமாகக் காட்டினார். நான் கோட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

செல்வராஜ் வந்தான். அதே குழியில், அதே பந்து. ஒரு சத்தமும் போடாமல் அடித்தான். எல்லார் தலைக்கும் மேலே போய்க் கோலுக்குள் இறங்கியது. ஊரே அவனைத் தூக்கியது. கீழே இறங்கியதும் நேரே என்னிடம்தான் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "ஏலே, நாம செயிச்சிட்டோம்லே!" நாமாம். அப்போது வந்த எரிச்சல் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

அந்த மைதானத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். வத்தல் கடை செல்போன் கடையாகிவிட்டது. ஊருக்குப் போனால் செல்வராஜ் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போவேன். கண்டுவிட்டால், "மக்கா, காபி குடிச்சிட்டுப் போ" என்று வாசலிலிருந்தே கூப்பிடுவான். பக்கத்தில் இருப்பவர் யாராவது அந்தக் கோலைப் பற்றிப் பேச்செடுப்பார்.

போன மாதம் அவன் காரியத்துக்குப் போனபோதும் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். முடிந்ததும் அந்தத் தெரு வழியாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.