தாடிக்காரர் சோப்பு காய்ச்சிய கதை

கார் பட்டறையில் அவரை முகத்துக்கு நேரே தாடி அண்ணன் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் தாடி. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற கூண்டு அவருடைய ராஜ்ஜியம். நசுங்கிப்போன கதவை அவர் கையில் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் வந்தால், அடிபட்டது எந்தக் கதவு என்று வண்டிக்காரரே குனிந்து குனிந்து தேடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். இருந்துவிட்டுப் போகட்டும், நாலு பேர் தேடும்படி வேலை செய்கிறவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அந்த ராஜ்ஜியத்துக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, சின்ன வயசுப் பெண், முதல் நாளே கூண்டு வாசலில் நின்று அவர் தாடையை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணா, தாடிக்கு மேல முகமூடி போட்டா அது முகத்தோட ஒட்டாது. இடுக்கு வழியா பெயின்ட் உள்ள போகும். மூணு வாரம் டைம். அது முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை சோதனை வைப்பேன். தேறலேன்னா கூண்டுக்குள்ள விடமாட்டேன், கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதுங்க."

"மெஷின்ல ஒட்ட வெட்டிக்கிட்டா போதாதா மேடம்?"

"முள்ளு முள்ளா நின்னாலும் இடுக்குதான். வழுவழுன்னு இருக்கணும்."

கேட்டில் உட்கார்ந்து நம்பர் எழுதுவதா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தாடி வைத்திருந்தது அழகுக்காக இல்லை. மீசை அரும்பிய நாளிலிருந்தே அவர் தோலுக்குச் சவரம் ஆகாது. இருந்தாலும் கடைக்குப் போய் ஒரு கிரீம் வாங்கி, காதுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வழித்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது. அடுத்த வாரம் வேறொரு நுரை டப்பா, அடுத்த காது, அதே கதை. மூன்றாவது கிரீமைக் கழுத்தில் சோதித்தார். தாடி கரையான் அரித்த பாய் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவதில் தொடங்கி, அமிலம் அளந்து வைப்பதுவரை எல்லாம் அவள் கைதான். மூன்று டப்பாக்களையும் மேசைமேல் நிறுத்தி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தாள்.

"மூணுலயும் வாசனை போட்டிருக்கான். குளிக்கிற சோப்பை வாசனை இல்லாததா மாத்தினப்புறம்தானே உங்க முதுகு அரிப்பு நின்னுச்சு? சவர சோப்பை நாமளே காய்ச்சுவோம்."

"உனக்குத் தெரியுமா?"

"காய்ச்சினதில்ல. ஆனா கணக்குத் தெரியும்."

சவர சோப்புக்கு நுரை கெட்டியாக நிற்க வேண்டும். அதற்கு மெழுகுவர்த்தியில் போடுகிற ஸ்டியரிக் அமிலம் வேண்டும், வெள்ளை வெள்ளையாகச் செதில் மாதிரி இருக்கும். அது அவள் தம்பியிடம் கிடைத்தது, அவன் மெழுகுவர்த்திப் பட்டறை வைத்திருக்கிறவன். சோதனைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் வாளியோடு வந்து இறங்கினான்.

"மாமா, இதைப் பூசிக்கிட்டு அடுப்புப் பக்கம் போயிடாதீங்க. திரி ஒண்ணுதான் பாக்கி."

"உன் அக்கா காதுல விழட்டும், திரி உனக்குத்தான்."

அக்கா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்: செதில் இத்தனை பங்கு, தேங்காய் எண்ணெய் இத்தனை பங்கு, காஸ்டிக் பொட்டாஷ் இத்தனை பங்கு, தண்ணீர் இத்தனை பங்கு. பொட்டாஷ் பொல்லாதது, தோலில் பட்டால் தின்றுவிடும் என்று இரண்டு பேருக்கும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிவிட்டாள். "தண்ணியிலதான் பொட்டாஷைப் போடணும். மாத்தி ஊத்துனீங்க, மூஞ்சிக்குத் தெறிக்கும்" என்று மூன்று தடவை சொன்னாள். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது, சாவி எங்கே என்று. அவள் பின்கட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நம்மவர் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டார். அளப்பது அவருக்குப் பிறவித் தொழில் மாதிரி, அதில் போய் யாரைக் கேட்பது?

செதிலும் எண்ணெயும் உருகி, பொட்டாஷ் கரைசல் விழுந்ததும் பாத்திரத்தில் இருந்தது மசித்த உருளைக்கிழங்கு மாதிரி இறுகியது. வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இரண்டு மணி நேரம் கிண்டினார்கள். தோள் கழன்றுவிடும்போல இருந்தாலும் அவர் கரண்டியை விடவில்லை. கடைசியில் பளபளவென்று வெண்ணெய்போல் திரண்டு வந்தது. பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் நுரை கிண்ணத்தைத் தாண்டி எழும்பியது.

"பாத்தியா!" என்று அவர் பிரஷ்ஷைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

"வையுங்க கீழ!" என்று ஒரு அதட்டல். அவள் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த சின்னப் புட்டியைத் திறந்து சோப்பின்மேல் ஒரு சொட்டு விட்டாள். பினாப்தலீன். காரம் மிஞ்சியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

சொட்டு விழுந்த இடம் குபீரென்று இளஞ்சிவப்பாக மாறியது.

"அடேயப்பா, என்ன கலர்! இதை வண்டிக்கு அடிச்சா..."

"கலரா? பொட்டாஷ் அப்படியே மிச்சம் நிக்குது. எதுல அளந்தீங்க?"

அவர் பெருமையாக எடுத்துக் காட்டினார். பட்டறையில் பெயின்ட் கலக்கிற பிளாஸ்டிக் கோப்பை, பக்கத்தில் கோடு போட்டது. பெயின்ட் நாலு பங்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு பங்கு, கோட்டுக்குக் கோடு ஊற்றிப் பழகிய கை. பங்கு என்றால் அவருக்குக் கோப்பைதான். அவள் எழுதியது எடை. செதில் பஞ்சுபோலக் கோப்பையை அடைத்துக்கொண்டு எடையே இல்லாமல் நின்றிருக்கிறது, பொட்டாஷோ கனமாக இறங்கியிருக்கிறது. பக்கத்தில் தராசு சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது.

"அப்படியே மூஞ்சில பூசியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" அவள் குரலில் கோபம் பாதி, பயம் பாதி. அவருக்கு முகம் செத்துப்போனது. மனதுக்குள் கேட், நாற்காலி, நம்பர் எழுதுகிற நோட்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"கொட்டிடலாமா?" என்றார்.

"கொட்டாதீங்க. எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சா செதிலைச் சேத்து சரிபண்ணலாம். ஆனா நீங்க எத்தனை கிராம் போட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"கிராம் தெரியாது. கோடு தெரியும்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செதில் மூணாவது கோடு, ரெண்டு தடவை. பொட்டாஷ் முதல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழ. எண்ணெய் ரெண்டாவது கோட்டுல தொட்டும் தொடாம."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த செதிலையும் எண்ணெயையும் பொட்டாஷையும் எடுத்து வைத்து, அதே கோப்பையில் அதே கோட்டுக்கு அவரையே அளக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தாள். ஐந்து தடவை அளந்தார், ஐந்து தடவையும் ஒரே எடை. தாளில் கணக்குப் போட்டு, இன்னும் எவ்வளவு செதில் வேண்டும் என்று கண்டுபிடித்தாள். வாளியில் அவ்வளவு இல்லை. தம்பி முணுமுணுத்துக்கொண்டே திரும்பவும் பட்டறைக்கு ஓடினான்.

சாயங்காலம் மறுபடி உருக்கி, மறுபடி கிண்டி, மறுபடி சொட்டு விட்டாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். சொட்டு தண்ணீர்போலவே நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் முழங்கையில் ஒரு வட்டம் பூசிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

திங்கள் காலை தாடியைக் கத்தரித்து, நுரையைக் குழைத்து, கத்தியை எடுத்தார். அவள் குளியலறை வாசலில் நின்று பார்த்தாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் தாடையை அவள் பார்த்ததே இல்லை.

"என்னடி அப்படிப் பாக்குற? நல்லா இல்லையா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே காட்டியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றார். கன்னம் சிவக்கவில்லை.

பட்டறையில் முகமூடியை மாட்டி, தலைக்கு மேல் ஒரு பெரிய உறையைக் கவிழ்த்து, அதற்குள் அந்தப் பெண் கசப்பு மருந்தைப் பீய்ச்சினாள். முகமூடியில் இடுக்கு இருந்தால் நாக்கு கசந்துவிடும். தலையைத் திருப்பச் சொன்னாள், குனியச் சொன்னாள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாள்.

"கசக்குதா அண்ணா?"

"இல்லம்மா."

"துளிகூட?"

"துளிகூட இல்ல."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவர் கால் தரையில் பாவாமல் கூண்டுக்குள் போனார். கருநீலக் கதவு ஒன்று காத்திருந்தது. பெயின்ட் பீய்ச்சுகிற துப்பாக்கியை அழுத்தினார், அழுத்தியவர் நிறுத்தினார். பெயின்ட் வரவில்லையோ என்று துப்பாக்கியின் கோப்பையைப் பார்த்தார், நிறைய இருந்தது. கதவைப் பார்த்தார், நீலம் ஏறியிருந்தது. பிறகுதான் உறைத்தது. வாசனை வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொன்னார். "பெயின்ட்னா அப்படித்தான் மூக்குல ஏறும், அது தொழிலோட வாசனைன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னைக்கு ஒண்ணுமே வரல. இந்த நேரத்துக்குத் தலை பாரமா இருக்கும், அதுவும் இல்ல. பாட்டுப் பாடலாம்போல இருக்கு."

அவர் நல்ல செய்தி என்றுதான் சொன்னார். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அதன் மறுபக்கம் உடனே புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. வழவழத்த கன்னத்தில் கையை வைத்தாள்.

"இத்தனை வருஷமா அவ்வளவும் உள்ளதான் போயிருக்கு. நானும் உங்க தாடிய சீவிவிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."