வண்டி நிற்க இடம்

வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வண்டி நிக்க எடம் இருக்குங்களா?" தண்ணீர் உப்பா, சாக்கடை மூடியிருக்கிறதா, மாடியிலிருந்து மலை தெரியுமா என்று நான் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருப்பேன். அவர் கேட் வரைக்கும் போய், தெருவின் அகலத்தை நடந்து பார்த்துவிட்டு வந்து நிற்பார். சமையலறை எந்தப் பக்கம் என்றுகூட எட்டிப் பார்க்க மாட்டார். குடியிருக்கப் போவது நாமா, வண்டியா என்று நான் கேட்டதுண்டு. சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

வண்டி என்றால் குட்டியானை, நான்கு சக்கரச் சின்ன லோடு வண்டி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் ஏற்றிவந்து டவுனில் இறக்குவார். இடையில் கல்யாண வீட்டுப் பாத்திரம், சிமெண்ட், வீடு மாற்றுகிறவர்களின் கட்டில் பீரோ என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். வண்டியின் பக்கவாட்டில் எங்கள் மகளின் பெயர் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே சின்னதாக அவருடைய போன் நம்பர். நம்பரைப் பெரிதாக எழுதினால்தானே வாடகை வரும் என்று பெயிண்டர் கேட்டபோது, பேர் தூரத்திலேயே தெரியணும், நம்பர் வேணும்கிறவன் கிட்ட வந்து பார்த்துக்குவான் என்று சொல்லிவிட்டார்.

நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சை எழுதிக் கிடைத்த வேலை. அதுவரை எங்கள் இருவரையும் யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. வேலை கிடைத்த பிறகு பார்க்காதவர்களே இல்லை. கல்யாண வீடுகளில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவரைப் பந்திக்குத் தண்ணீர் கேன் இறக்க அனுப்புவார்கள். அவரும் போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நாங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வருகிற வெளியூர்க் கார்கள் சந்தை அடைத்துக்கொள்ளும். எங்கள் சுவர் ஊருக்கே பொதுக் கழிப்பிடமாகிவிடும். பக்கத்துப் போர்ஷனில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் யார் பக்கம் நியாயம் என்று எங்கள் மகளுக்கே தெரியும். அவள் எட்டாம் வகுப்பு. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துதான் படித்தாள்.

அலுவலகத்தில் எல்லோரும் எனக்கு வீடு பார்த்துக் கொடுக்காத குறை. ஏரியா நன்றாக இருந்தால்தான் பெண் நன்றாக வருவாள் என்று எங்கள் செக்‌ஷன் மேடம் வாரம் தவறாமல் சொல்வார். இன்னொரு வார்த்தையும் அங்கே அடிக்கடி புழங்கும், டீசன்ட். டீசன்டான தெரு, டீசன்டான ஆட்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரியக் கூடாது, யார் அழுதாலும் கேட்கக் கூடாது. எனக்கும் அது வேண்டும் போலத்தான் இருந்தது. சாக்கடை நாற்றம் இல்லாமல் ஒரு தூக்கம் தூங்க ஆசைப்படுவது தப்பில்லையே.

ஆவணியில் அலுவலகத்துக்கு அருகிலேயே ஒரு குடியிருப்பு நகரில் வீடு அமைந்தது. வீட்டுக்காரர் சென்னையில் மகனோடு இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார். சைவமா அசைவமா என்றார், பிறகு சொந்த ஊர் எது, குலதெய்வம் எங்கே என்றார். இந்தக் கேள்விகள் எல்லாம் எந்த இடத்துக்குச் சுற்றி வருகின்றன என்று யாருக்குத்தான் தெரியாது. பதில்கள் அவருக்குத் திருப்தியாக இருந்தன. கடைசியில், சார் என்ன பண்றார் என்று கேட்டார். சொன்னேன். மேடம் கவர்மெண்டுதானே, பரவாயில்லை என்றார்.

போர்டிகோ சின்ன கார் நிற்கிற அளவுதான். அதனால் குட்டியானை தெருவில், எங்கள் மதிலை ஒட்டி நின்றது. தெருவில் இன்னும் பல கார்கள் அப்படித்தான் நின்றன. ஒரு கார் உறைபோட்டு மூடி, டயரில் காற்று இறங்கி, நாய் குட்டிபோடுவதற்கென்றே நின்றது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை.

குடிவந்து ஒரு மாதம் ஆகவில்லை. நகர்வாசிகள் சங்கத்தின் செல்போன் குழுவில் ஒரு செய்தி வந்தது. தெருவின் அழகையும் பாதுகாப்பையும் கருதி வணிக வாகனங்களைத் தெருவில் நிறுத்த வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் வணிக வாகனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் பன்மையில்தான் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் மாலை சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். காபி குடித்தார், மகளின் படிப்பை விசாரித்தார். என் கணவர் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். செயலாளர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்.

"மேடம், நீங்க ஆபீஸ்ல இருக்கறவங்க. உங்களுக்குச் சொல்லவே வேணாம், நீங்களே புரிஞ்சிக்குவீங்க."

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரே வீட்டுக்குள் அவர் ஒரு கோடு போட்டு, என்னைத் தன் பக்கமும் என் கணவரை அந்தப் பக்கமும் நிறுத்திவிட்டார். கையிலிருந்த டம்ளரை ணங்கென்று கீழே வைக்காமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நாளைக்கே வேற எடம் பாத்துக்கறேங்க" என்றார்.

வேறு இடம் என்பது பழைய சந்துதான். சந்து முனையில் பாய் ஒருவர் கயிறு, சாக்கு, தார்ப்பாய் கடை வைத்திருக்கிறார், அவர் அப்பா காலத்துக் கடை. ராத்திரியில் கடை முன்னால் விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, தாராளமா உடுங்க தம்பி, கடைக்கும் ஒரு மறைப்பா இருக்கும் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை நான் அங்கே சாக்கு வாங்கப் போனபோது எங்கள் நகரின் பேரைக் கேட்டுவிட்டு, அங்கே தன் மகனுக்காக ஒரு வீடு கேட்டுப் போன கதையைச் சொன்னார். வீடு போன வாரமே போய்விட்டது என்றார்களாம். ஆனால் 'வாடகைக்கு' போர்டு ரொம்ப நாள் அங்கேயே தொங்கியதாம். மழை வந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னார்.

"உங்களுக்குக் குடுத்தாங்களேம்மா, அதுவே ஜாஸ்தி" என்றார்.

சாக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து என் கணவர் மொபெட்டில் டவுனுக்குப் போய், அங்கே மொபெட்டை விட்டு வண்டியை எடுப்பார். மாலையில் வண்டியை விட்டுவிட்டு மொபெட்டில் வருவார். விடியற்காலை லோடு இருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். குறை சொல்ல மாட்டார். ஆனால் சாப்பிடும்போதே கண் சொருகும்.

இதற்கு நடுவில் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போன் செய்தார். வீட்டை விற்கப் போவதாகவும், நாங்களே வாங்கிக்கொண்டால் சந்தோஷம் என்றும், மார்கழி பிறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அலுவலகத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றார்கள். லோன் கிடைக்கும். மகள் தனி அறையில் படிக்கிறாள். மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரிகிறது. நானும் வாங்கிவிடலாம் என்றே நினைத்தேன். வண்டி ஒன்றுதான் இடித்தது. அதற்கும் ஏதாவது வழி வரும் என்று சொல்லிக்கொண்டேன்.

வழி ஐப்பசிப் பௌர்ணமியன்று வந்தது. கிரிவலம் வருகிறவர்களுக்கு அடி அண்ணாமலை அருகில் நகரின் சார்பில் அன்னதானம். புளிசாதமும் தயிர்சாதமும் இங்கே சமைத்து அண்டாவில் அங்கே கொண்டுபோக வேண்டும். மதியத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். பேசிவைத்திருந்த வண்டி காலையில் வரவில்லை. செயலாளர் வேகவேகமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார் இருக்காருங்களா?" என்று கேட்டார். அந்த வீட்டு வாசலில் என் கணவர் சாரானது அன்றுதான்.

அன்னதானத்துக்கு வண்டி கேட்டால் இந்த ஊரில் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், வாடகையும் வாங்க மாட்டார்கள். என் கணவர் அப்போதே கிளம்பினார். அண்டாக்களை ஏற்றினார்கள். சங்கத்தின் பேரும் அன்னதானம் என்ற எழுத்தும் போட்ட பேனரை வண்டியின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினார்கள்.

சாயங்காலம் நானும் பரிமாறப் போயிருந்தேன். நன்கொடை கொடுத்த ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அண்டாவை ஒற்றை ஆளாக நகர்த்திக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். செயலாளர் சிரித்துக்கொண்டே, "நம்ம டிரைவர்தாங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நான் டிரைவர்தானே, அதிலென்ன என்றார். டிரைவரில் ஒன்றுமில்லை. அந்த 'நம்ம' தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலியான பாத்திரங்களைக் கொண்டுவந்து இறக்கியவர், அலுப்பில் வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பேனரை அவிழ்க்கவில்லை. அன்று முழுக்க யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் பேனரோடு வண்டியின் படத்தைப் போட்டுக் கைதட்டியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க மாலையானால் வண்டி வாசலில்தான் நின்றது. அப்போதும் யாரும் கேட்கவில்லை.

பேனரைத் திருப்பிக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும். அது இருக்கற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல பாரு" என்றார். ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இவர்களுக்கு இதுதான் சரி என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்கு மறுநாள் ராத்திரி போன் செய்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்தேன்.

மறுநாள் மாலை தூறல் போட்டது. துணி எடுக்க மாடிக்குப் போனேன். தெருமுனையில் எங்கள் வண்டி வந்து நின்றது. என் கணவர் இறங்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து பேனரை எடுத்து உதறினார். தூறலில் நனைந்துகொண்டே நான்கு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஒரு மூலை அவிழ்ந்துகொண்டது. மறுபடி கட்டி, கொஞ்சம் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் வண்டியில் ஏறி எங்கள் வாசலுக்கு ஓட்டிவந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டவுனில் வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களுக்குப் பேனர் மறைக்கிற நம்பர் தெரிய வேண்டும், அதனால் காலையில் தெருவைத் தாண்டியதும் அவிழ்த்துவிடுகிறார். மாலையில் தன் தெருவுக்குள் வருவதற்குத் திரும்பக் கட்டுகிறார். தினமும் இதுதான் நடந்திருக்கிறது. துணியை எடுக்காமல் நான் மாடியிலேயே நின்றேன். அழுகை வந்தது. துணியெல்லாம் நனைந்துபோயிற்று.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் சார், வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளுங்கள், தை பிறந்ததும் காலி செய்துவிடுகிறோம் என்றேன். என் கணவர் பதறிப்போனார். அவ்வளவு ஆசைப்பட்ட வீட்டை ஏன் விடுகிறாய் என்று கேட்டார்.

"வண்டி நிக்க எடம் இல்லீங்க" என்றேன்.

"அதான் நிக்குதே."

"மூஞ்சிய மூடிக்கினு நிக்குது" என்றேன். அவர் வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்தார். பேனரை மடித்து அலமாரிமேல் வைத்தார். மறுநாளிலிருந்து மறுபடி மொபெட், மறுபடி பாய் கடை.

அடி அண்ணாமலைப் பக்கம், வாசலிலேயே வண்டி நிற்கிற மாதிரி ஒரு வீடு கிடைத்தது. பௌர்ணமியன்று ஈ எறும்பு நுழைய முடியாது, தண்ணீர் கொஞ்சம் உப்பு, எதிர்வீட்டு மாடு எங்கள் வாசலில் சாணி போடும். இதெல்லாம் தெரிந்துதான் போனோம். அலுவலகத்தில் எங்கே போகிறேன் என்று சொன்னபோது செக்‌ஷன் மேடம், பொண்ணு படிக்கிற நேரத்துல இப்படிப் பண்றியே என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் உண்மையானது.

தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்தோம். பட்டப்பகலில் எங்கள் வண்டி எங்கள் வாசலில் நின்றது, பேனர் இல்லாமல். கட்டிலும் பீரோவும் ஏறிக்கொண்டிருந்தன. நான் பேனரை எடுத்துப்போய்ச் செயலாளர் வீட்டில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார். அங்கிருந்தே வண்டி தெரிந்தது. பெரிய மஞ்சள் எழுத்து வெயிலில் பளிச்சென்று இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"யாரு பேரு மேடம் அது?"

"எங்க பொண்ணு பேரு சார்."

"அப்படியா? இத்தனை நாளா நான் பாக்கவே இல்லையே."

"மூடி வெச்சிருந்தோம் சார்" என்றேன்.